ஆறரை அடி உயரத்தில் ஒரு மலை

சுவரில் மாட்டியிருக்கும் எதையும் தூக்கிப் பாருங்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். இதை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் மேலே படிக்கலாம். மற்றவர்கள் சைட்டுக்குக் கிளம்பலாம்.

நான் இருபத்தெட்டு வருடம் விரிசல்களைப் படம் எடுத்தேன். பழைய கட்டிடங்களின் உறுதியைச் சோதித்து அறிக்கை தரும் நிறுவனத்தில் என் வேலை அது. பொறியாளர் சுவரைத் தட்டிப் பார்ப்பார். நான் விரிசலுக்குப் பக்கத்தில் ஆறங்குல எஃகு ஸ்கேலை வைத்துப் படம் எடுப்பேன். ஐம்பத்தாறு வயதில் விருப்ப ஓய்வு பெற்றேன். நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு என்பதால் கீழே வரும் நேரங்களும் அளவுகளும் சரியானவை. பேச்சு மட்டும் ஏறக்குறைய.

ஒரு விஷயத்தை உங்களுக்கு யாரும் பயிற்சியில் சொல்லியிருக்க மாட்டார்கள். நாம் வருகிறோம் என்று தெரிந்தால் இந்த ஊரில் ஜனங்கள் வீட்டைப் பெருக்கி, டீ போட்டு, விரிசலின் மேல் காலண்டர் மாட்டுவார்கள். ஆபத்தான கட்டிடம் என்று நாம் எழுதிவிட்டால் காலி செய்ய வேண்டும். காலி செய்தால் திரும்பி வருவது எந்த வருடம் என்று யாருக்கும் தெரியாது. விரிசலோடு இருப்பவர்களுக்கு விரிசலைவிட நம்மைக் கண்டுதான் பயம். அதில் தப்பில்லை. தப்பு செய்தது நான்.

தாராவியில் ஒரு மூன்று மாடிக் கட்டிடம். கீழே கடைகள், மேலே தோல் பை தைக்கும் பட்டறைகள். இரண்டாம் மாடிப் பட்டறையில் பதினொரு பேர் வேலை செய்தார்கள். அவர்களில் ஏழு பேருக்கு அதுவே வீடு. மே மாதம், காலை பதினொன்று ஐம்பதுக்கு அங்கே ஸ்டூலில் ஏறி நின்றேன். உத்தரமும் தூணும் சேரும் மூலையில், தரையிலிருந்து ஆறரை அடி உயரத்தில், சட்டம் போட்ட ஒரு மலைப் படம் தொங்கியது. மழைக்கால மலை, பச்சையாக, நடுவில் ஒரு அருவி. உத்தரத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு வந்து அந்தச் சட்டத்துக்குப் பின்னால் போயிருந்தது. கீழ்ப்பக்கம் அது வெளியே வரவில்லை.

எந்த மனிதனும் படத்தை ஆறரை அடி உயரத்தில் மாட்ட மாட்டான். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும்.

"சார், டீ ஆறுது" என்றார் கீழே நின்றவர். கையில் தோல் வெட்டும் கத்தரி. முப்பத்து நான்கு வயதிருக்கும். டீ டம்ளரை அவர் நீட்டியபோது அவர் பார்வை டம்ளரில் இல்லை, படத்தின் மேல் இருந்தது.

நான் படத்தைத் தூக்கவில்லை. அன்று இரவு நாட்குறிப்பில் காரணங்களை எழுதினேன். ஒன்று, பன்னிரண்டரைக்கு குர்லாவில் வேறு கட்டிடம். இரண்டு, டீ. மூன்று, அவர் முகம். மூன்றும் உண்மை. மூன்றையும் கூட்டினாலும் போதவில்லை.

சட்டத்துக்கு இடதுபுறம் தெரிந்த உத்தரத்தை மட்டும் ஸ்கேல் வைத்து எடுத்தேன். படம் எண் முப்பத்தேழு. கட்டிடம் பழுதுபார்க்கத் தக்கது என்று அறிக்கை போனது.

பன்னிரண்டாம் நாள் அந்த மூலையிலிருந்து இரண்டே முக்கால் அடி நீளக் கான்கிரீட் துண்டு விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. டீ கொடுத்தவருக்கு இடது தோள்பட்டை நொறுங்கியது. அலுவலகத்தில் என் படங்களை எடுத்துப் பார்த்தார்கள். படத்தில் இல்லாத விரிசலுக்கு யாரும் பொறுப்பில்லை என்று முடிவானது. என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு என்னால் கூரைக்குக் கீழே இருக்க முடியவில்லை. இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. கிங்ஸ் சர்க்கிளில் வழக்கமாகப் போகும் ஹோட்டலில் வாசல் படியில் நின்றபடி காபி குடித்தேன். அலுவலகத்தில் என் நாற்காலியை நான்கு முறை இடம் மாற்றினேன்; ஐந்தாவது முறை விடுப்பு எழுதிக் கொடுத்தேன். மாட்டுங்காவில் எங்கள் கட்டிடம் அறுபது வருடப் பழசு. அதன் மொட்டைமாடிச் சாவியை குடியிருப்போர் சொசைட்டி செயலாளரிடம் வாங்கி, பாயை மேலே கொண்டுபோனேன். ஜூன் இரண்டாம் வாரம் இந்த ஏற்பாட்டில் சிக்கல் வந்தது.

"ஏன்னா, மழை பெய்யறது" என்றாள் மனைவி. "குடையைப் பிடிச்சிண்டா தூங்கப் போறேள்?"

"தார்ப்பாய் கட்டலாம்னு பாக்கறேன்."

"தார்ப்பாய் கூரை இல்லையா?"

நான் அதை யோசிக்கவில்லை. இருந்தாலும் கட்டினேன்.

ஜூலையில் ஒரு நாள் அவள் மொட்டைமாடிக்கு ஏறி வந்து சொன்னாள்: "தாராவிலேர்ந்து ஒருத்தர் வந்திருக்கார். உங்க ஆபீஸ்ல அட்ரஸ் குடுத்தாளாம். ஒரு கை தூக்க வரலை, பாவம்."

வந்தவர் டீ கொடுத்தவர். பெயர் சுடலைமுத்து. திட்டுவதற்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, உட்காரச் சொல்லாமல் வாசலிலேயே நின்றேன். அவர் கேட்டது வேறு.

"சார், எங்க பட்டறைய நீங்க போட்டோ எடுத்தீயள்லா? அதுல எம் படம் வுழுந்திருக்குமா? மலைப் படம். நான் எடுத்தது. போனும் ஒடஞ்சு போச்சு, படமும் நொறுங்கிப் போச்சு. வேற காப்பி கெடையாது."

மடிக்கணினியில் முப்பத்தேழைத் திறந்தேன். உத்தரம், ஸ்கேல், வலது ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு மலையின் பக்கவாட்டு.

"இம்புட்டுத்தானா?"

"இவ்வளவுதான்."

"கொஞ்சம் தள்ளி நின்னு எடுத்திருக்கப்படாதா சார்?" என்றார். குற்றம் சாட்டும் குரல் இல்லை. "அந்த ரூம்ல சன்னல் கெடையாது. அதான் எங்களுக்கு சன்னல்."

ஜன்னல் இல்லை என்பது எங்கள் அறிக்கையிலும் இருந்தது. காற்றோட்டம்: போதாது.

அது கர்ஜத்துக்கு அப்பால் ஒரு மலையிலிருந்து எடுத்தது என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் மலை ஏறி போட்டோ எடுப்பது அவர் பழக்கம். மறுபடியும் போய் எடுக்கலாம். ஆனால் பையைத் தூக்கத் தோள் இல்லை. பட்டறைப் பையன்கள் ஞாயிறு தூங்குவார்கள்.

"பையை நான் தூக்கறேன்" என்றேன். என் சொந்தக் கேமராவும் முக்காலியும் இருந்தன. அது தவிர, மலையில் கூரை கிடையாது. இது எனக்கு முன்பே தோன்றாதது ஆச்சரியம்.

முதல் ஞாயிறு குர்லாவில் கர்ஜத் லோக்கல் ரயிலைப் பிடித்தோம். அங்கிருந்து ஷேர் ஆட்டோ. பிறகு இரண்டேகால் மணி நேர ஏற்றம். உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு தட்டைப் பாறை. எதிரே பள்ளத்தாக்குக்கு அப்பால் அந்த மலை இருப்பதாகச் சுடலை சொன்னார். எனக்கு வெள்ளையாகத்தான் தெரிந்தது. அவர் கேமராக் கோணத்தைப் பார்த்து வைத்தார், நான் முக்காலியை இறுக்கினேன். அன்றைய நாட்குறிப்பு: 10.20 மேகம். 10.50 மேகம். 11.30 மேகம். 12.15 மழை, மேகம்.

காத்திருந்த நேரத்தில் நான் நாற்பத்தொரு படம் எடுத்தேன். கீழே இறங்கும்போது சுடலை கேமராவை வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். எல்லாம் பாறை விரிசல்கள். எல்லாவற்றிலும் ஸ்கேல்.

"சார், மலைய அளந்து யாருக்கு ரிப்போர்ட் குடுக்கப் போறீய?"

"பழக்கம்."

"காலி பண்ணச் சொல்லிராதீய. கொரங்குவ எங்க போவும்?"

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். காலை பத்திலிருந்து மூன்று வரை ஒரு முறைகூட நான் அண்ணாந்து பார்க்கவில்லை. மேலே பார்க்க எதுவும் இல்லாததால் இருக்கலாம். அன்று மொட்டைமாடியில் தார்ப்பாய்க்குக் கீழே நான்கு மணி நேரம் தூங்கினேன். அந்த மாதத்தில் அதுதான் அதிகம்.

இரண்டாம் ஞாயிறும் மேகம்.

மூன்றாம் ஞாயிறு, பாறையில் உட்கார்ந்து அவர் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். பத்து ஐம்பதுக்குச் சொன்னார்: "சார், ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தப் படத்த அங்கன மாட்டுனது நான்தான். நீங்க வாறீயன்னு மொதலாளி சொன்னாரு, மொத நாளு சாயங்காலம் எதுத்த செவத்துல கெடந்தத கழட்டி அங்கன ஆணி அடிச்சேன். விரிசல மறைக்கத்தான். ஒங்கள ஏமாத்திட்டேன்."

இந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருக்கலாம். அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார், தலையாட்டினால் போதும். எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். இன்னொரு முறை ஸ்டூலில் ஏறி, இன்னொரு முறை தூக்காமல் இறங்கியது மாதிரியும் ஆகியிருக்கும்.

"ஏமாறலை" என்றேன். "எனக்குத் தெரியும். ஸ்டூல்ல ஏறினதுமே தெரிஞ்சுது. தூக்கிப் பார்க்கலை."

அவர் கடலை உரிப்பதை நிறுத்தினார்.

"தெரிஞ்சுமா வுட்டீரு?"

'சார்' போய்விட்டது. நான் ஆமாம் என்றேன்.

"ஆசுபத்திரில ரெண்டு மாசம் கெடந்தேன். நான் மறைச்சதுனாலதான், நான் மறைச்சதுனாலதான்னு ஒத்தையா நெனச்சு நெனச்சுக் கெடந்தேன். நீரும் அதுல பாதி ஆளு. மூணு வாரமா எம் பைய தூக்கிட்டு வாறீரு, வாயத் தொறக்கல!"

எழுந்து சரிவில் முப்பது அடி தள்ளிப் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

பதினொன்று மூன்றுக்கு மேகம் திறந்தது.

இயற்கைக் காட்சிகளை எடுப்பவர்கள் இந்த இடத்தில் நிறைய எழுதுவார்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். எதிர் மலை முழுதாக வந்தது. பச்சை, அருவி, அருவியின் மேல்பாதியில் மட்டும் வெயில். பட்டறைச் சுவரில் பார்த்ததைவிடப் பெரியது. அதன் அளவைப் பற்றி எனக்கு எதுவும் தோன்றவில்லை. தோன்றாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

கேமரா தயாராக இருந்தது. கோணம் அவர் வைத்தது. விரல் என்னுடையது.

"சுடலை, திறந்திருக்கு!" என்றேன். திரும்பவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன். அவர் தலை கொஞ்சம் அசைந்தது. காதில் விழுந்திருக்கிறது.

நான்கு நிமிடம் திறந்திருந்தது. நான் அழுத்தவில்லை. அழுத்தியிருந்தால் அவர் கேட்ட படம் அவர் கையில் இருந்திருக்கும். ஆனால் அதை எடுத்தது நான் என்றாகிவிடும். அவரிடமிருந்து அதற்கு மேல் எதையும் எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இந்த முடிவு சரியா என்று இன்றும் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

திரும்பும்போது பையை அவரே வலது தோளில் மாட்டிக்கொண்டார். அப்போதும் இடது பக்கம் வலித்தது தெரிந்தது. ரயிலில் வேறு பெட்டியில் ஏறினார்.

அந்த வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை. அவர் வராவிட்டால் இனி மலையும் இல்லை, தனியாக அங்கே போக எனக்கு உரிமை இல்லை என்று பட்டது. மனைவி ஒரு முறைதான் கேட்டாள்: "அந்தச் சுடலை வருவாரோ?" தெரியாது என்றேன். "நீங்க ஸ்டேஷனுக்குப் போங்கோ. தெரியும்" என்றாள்.

நான்காம் ஞாயிறு குர்லா நடைமேடையில் நின்றேன். எங்கள் ரயில் வந்தது, போனது. பதினேழு நிமிடம் கழித்து சுடலை படியிறங்கி வந்து, பையைத் தூக்கிக் காட்டினார்.

"பிடிங்க."

பிடித்தேன். அடுத்த ரயிலில் ஏறினோம். தாணே வந்ததும், "அன்னைக்கு எடுத்தீயளா?" என்றார்.

"இல்லை."

"ஏன்?"

"அது உங்க படம்."

ஜன்னல் பக்கம் திரும்பி, "கிறுக்கு" என்றார். எங்கள் இருவரில் யாரைப் பற்றி என்று கேட்கவில்லை. டோம்பிவிலி தாண்டியதும் மறுபடி சொன்னார்: "ஒரு வாரமா யோசிச்சேன் சார். அன்னைக்கு நீங்க படத்தத் தூக்கியிருந்தா நான் ஒங்கள வுட்டிருக்க மாட்டேன். கைல கத்தரி இருந்துச்சு."

"பார்த்தேன்."

"அதயும் ரிப்போர்ட்ல எழுதலியா?"

'சார்' திரும்பி வந்ததை நாட்குறிப்பில் எழுதினேன். டோம்பிவிலிக்கு அப்பால் என்று மட்டும்; நேரம் பார்க்க மறந்துவிட்டேன்.

அன்றும் மேகம். ஐந்தாம் ஞாயிறு மழை வலுத்து, குடையாக நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறைக்குக் கீழே ஒதுங்கினோம். சுடலை சப்பாத்திப் பொட்டலத்தைப் பிரித்தார். நான் அண்ணாந்து பார்த்தேன். தலைக்கு மேல் பாறை, அதில் ஒரு விரிசல். ஸ்கேலை வைத்தேன். பன்னிரண்டு மில்லிமீட்டர்.

"வுழுமா சார்?"

"ஒரு நாள் விழும்."

"இன்னைக்கா?"

விரிசலின் உள்ளே பார்த்தேன். பாசியும் பழைய மண்ணும் நிரம்பி, அதில் ஒரு செடி வேர் விட்டிருந்தது. விளிம்பு புதிதாகப் பெயரவில்லை. "இன்னைக்கு விழும்னு சொல்ல எந்த அறிகுறியும் இல்லை."

"அப்பம் சாப்புடுங்க."

சாப்பிட்டேன். ஐம்பது நிமிடம் அங்கே இருந்தோம். மே மாதத்துக்குப் பிறகு கூரை என்று ஒன்றுக்குக் கீழே நான் உட்கார்ந்து சாப்பிட்டது அன்றுதான். யோசித்துப் பார்த்தால், இதுதான் நம் தொழில் முழுவதும். எல்லாம் ஒரு நாள் விழும். இன்றைக்கா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல விரிசலை முழுதாகப் பார்த்திருக்க வேண்டும். நான் அந்த மூலையைப் பார்க்காமலே பதில் சொல்லியிருந்தேன்.

ஆறாம் ஞாயிறு பதினொன்றே கால் முதல் பதினொன்று இருபத்தாறு வரை மேகம் திறந்தது. சுடலை வலது கையால் ஒன்பது படம் எடுத்தார். பிறகு கேமராவை என் பக்கம் தள்ளி, "ஒண்ணு எடுங்க. ஸ்கேல் வைக்காம" என்றார். எடுத்தேன். அடிவானம் இடதுபுறம் சற்றுச் சரிந்திருக்கிறது. திருத்தவில்லை.

அன்று வீட்டுக்குள் பாயை விரித்தேன். காலையில் பார்த்தபோது மொட்டைமாடிச் சாவி ஆணியில் இல்லை. மனைவி அதைச் செயலாளரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டிருந்தாள்.

வேலைக்குத் திரும்பிய முதல் மாதம் மாட்டுங்காவிலேயே ஒரு வீடு. பூஜை அறைச் சுவரில் பெரிய சாமி படம், அதன் மேல் விளிம்பில் ஒரு கோடு. படத்தை எடுக்க வேண்டும் என்றேன்.

"அதெல்லாம் எடுக்கப்படாது" என்றார் வீட்டு அம்மாள். "எங்க மாமனார் காலத்துலேர்ந்து அங்கேயே இருக்கார்."

"சுவரும் அவர் காலத்துதானே மாமி."

"காபி சாப்பிடறேளா?"

"படத்தை எடுத்தப்புறம் சாப்பிடறேன்."

பொறியாளர் என் காதில், விட்டுவிடுங்கள், நேரமாகிறது என்றார். பழைய நானாக இருந்தால் மூன்று காரணங்கள் கிடைத்திருக்கும். நான் கூடத்தில் உட்கார்ந்துகொண்டேன். வாதாடவில்லை, பயமுறுத்தவில்லை. மேகத்துக்காக ஆறு ஞாயிறு உட்கார்ந்தவனுக்கு மாமிக்காக ஒரு காலைப்பொழுது உட்காருவது பெரிய காரியம் அல்ல. ஒரு மணி நாற்பது நிமிடம் ஆனது. கடைசியில் அவரே கை கால் அலம்பிக்கொண்டு வந்து படத்தை இறக்கினார். பின்னால் ஒன்பது மில்லிமீட்டர் விரிசல், விளிம்பு புதிதாகப் பெயர்ந்திருந்தது. பக்கத்து அறையில்தான் அவர் பேத்தி தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். அன்று மாலையே முட்டுக் கொடுத்தார்கள். காபி வரவில்லை. இன்றும் என்னைத் தெருவில் பார்த்தால் அந்த மாமி எதிர்ப்பக்கம் கடந்து போய்விடுவார். பரவாயில்லை, கடப்பதற்கு அவருக்குத் தெம்பு இருக்கிறது.

இந்தத் தொழிலில் யாரும் நமக்கு நன்றி சொல்ல மாட்டார்கள் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நாம் சரியாக வேலை செய்தால் எதுவும் நடக்காது. நடக்காததைப் படம் எடுக்க முடியாது. அதனால் மனம் இறுகினால் எங்காவது போய், உங்களைக் கேட்காமல் நிற்கும் ஏதாவது ஒன்றின் முன்னால் உட்காருங்கள். மலைதான் என்றில்லை. எனக்கு மலை வாய்த்தது. இப்போதும் மாதம் ஒரு ஞாயிறு போகிறோம். பை என்னிடம்தான்.

சுடலையின் பட்டறை இப்போது செம்பூர்ப் பக்கம் வேறு கட்டிடத்தில் இருக்கிறது. ஜன்னல் உண்டு. அங்கே குடிபோனதும் கூப்பிட்டார். போனேன். அவர் எடுத்த ஒன்பதில் ஒன்று பெரிதாகச் சட்டம் போட்டுச் சுவரில் இருந்தது. நாலே முக்கால் அடி உயரம், கண்ணுக்கு நேராக. நன்றாக வந்திருந்தது. மேல்பாதி அருவியில் மட்டும் வெயில்.

நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். டீ வாங்கி வரச் சொல்வதற்காக அவர் வெளியே போனார். பட்டறையில் எல்லோரும் திடீரென்று மும்முரமாகத் தைத்தார்கள். என்னால் முடிந்தவரை நின்று பார்த்தேன். பிறகு படத்தின் கீழ்ப்பக்கத்தை இரண்டு விரலால் தூக்கினேன்.

பின்னால் சுவர் சுத்தமாக இருந்தது. பென்சிலால், பெரிய கோணல் எழுத்தில் எழுதியிருந்தது:

'ஒண்ணும் இல்ல சார். டீ ஆறுது.'